புதுப் பஸ் வேண்டாம், இருக்கிற நாலையும் தள்ளித்தள்ளி விடச்சொல்லி ஆரிட்டக் கேக்கிறது?

கொப்பிக்காரி (கிளிநொச்சி):

வணக்கம். நான் இஞ்ச வாசிக்கிறதுதான், எழுதுறது இதுதான் முதல்தரம்.

கிளிநொச்சி ரவுணுக்குள்ள ஒரு புடவைக்கடையில காசாளரா இருக்கிறன். வீடு மேற்குப் பக்கம், ரவுணிலயிருந்து 14 கிலோமீற்றர் உள்ளுக்கு. ஊர்ப்பேரும் றூட்டும் வேணுமெண்டுதான் போடேல்லை. போட்டால் நாளைக்குக் காலமை எந்த முகத்தோட அந்தப் பஸ்ஸில ஏறுறது? ஓடுறதே நாலு. பிறைவேற் மூண்டு, சீரீபி (அரசாங்க பஸ்) ஒண்டு.

போன மாசம் மகளின்ர பழைய சீஆர் கொப்பியில மிஞ்சிக் கிடந்த ஒற்றையளில ஒரு வேலை பாத்தன். ஹோல்ட்டில நிக்கேக்க போற பஸ் எல்லாத்தின்ரயும் நேரத்தை எழுதினன். வேலைநாள் 20. கணக்கு எழுதுறதுதானே என்ர தொழில், கை சும்மா இருக்காது. முதல் கிழமை சனம் ஒரு மாதிரிப் பாத்தவை. ரெண்டாம் கிழமை பக்கத்து வீட்டு ஆச்சி, "பிள்ளை, நேற்று நீ வரமுதல் ஒண்டு போனது, அதையும் எழுது" எண்டு சொல்லத் தொடங்கீட்டா.

ஒரு செவ்வாய்க்கிழமை ஒற்றையை அப்பிடியே போடுறன்: 6.33. பிறகு 7.05, 7.08, 7.12. பிறகு 7.58.

அந்த 7.58, காலமை 6.33க்குப் போனதுதான், ரவுணுக்குப் போட்டுத் திரும்பி வந்து ரெண்டாந்தரம் போகுது. நடுவில மூண்டு பஸ்ஸும் கலியாண வீட்டு வாகனங்கள் மாதிரி ஒண்டுக்குப் பின்னால ஒண்டு. அதுக்குப் பிறகு முக்கால் மணித்தியாலம் றோட்டில நாயும் ஆடும்தான்.

இது எப்பிடி நடக்குதெண்டு பாத்துப் பாத்து எனக்குப் பாடம். முன்னுக்கு நிக்கிறது ஊர்ந்து ஊர்ந்து வரும். ஒவ்வொரு ஒழுங்கை முகப்பிலயும் நிண்டு, தூரத்தில ஆராவது சைக்கிளில வருகினமோ எண்டு எட்டிப் பாக்கும். ஒருநாள் கொண்டக்டர் இறங்கி எங்கட ஊர்த் தேத்தண்ணிக்கடையில பிளேன்ரீயும் குடிச்சவர். பின்னால அடுத்த பஸ்ஸின்ர தூசி தெரிஞ்ச உடனே தகரத்தில ரெண்டு தட்டு, "ரைற் ரைற்". பிறகு பறப்புத்தான். கை காட்டினாலும் நிக்காது. வெள்ளை உடுப்போட நிக்கிற பள்ளிக்கூடப் பிள்ளையளெண்டால் கேக்கவே வேண்டாம், "பின்னால வருது, அதில ஏறு" எண்டு கையை ஒரு விசுக்கு விசுக்கிப் போட்டுப் போயிடும்.

இன்னும் ரெண்டு விசயம். முதல் பஸ்ஸின்ர நேரம் 6.40. இந்த 20 நாளில 11 நாள் அது 6.40க்கு முதலே போயிட்டுது. ஒருநாள் 6.31. நான் 6.35க்கு வந்து நிண்டு கொண்டு "இன்னும் வரேல்லை" எண்டு 7.05 வரைக்கும் நம்பிக் கொண்டு நிண்டிருக்கிறன். மற்றது கடைசிப் பஸ். ரவுணில 7 மணிக்கு எண்டு கதை. கடை பூட்டுறது ஆறரைக்கு. ஸ்ராண்ட்டில பத்துப் பேருக்குக் குறைவா நிண்டால் "இண்டைக்கு றிப் இல்லை" எண்டிடுவினம். 20இல 6 நாள் இல்லை. அந்த ஆறு நாளும் நாங்கள் மூண்டு பொம்பிளையள் சேந்து ஓட்டோ பிடிச்சு, ஆளுக்கு 500 ரூபா.

கூட்டம் வைச்சால் எல்லாரும் "பஸ் காணாது, இன்னொண்டு விடுங்கோ" எண்டுதான் கேக்கினம். போன வருசம் கேட்டு ஒண்டு கூட வந்தது. அதுதான் அந்த 7.12. மற்ற ரெண்டுக்கும் பின்னால வாற மூண்டாவது.

எனக்கு வேண்டியது புதுப் பஸ் இல்லை. இருக்கிறதுக்கு இடையில இடைவெளி. இதை ஆரிட்டக் கேக்கிறது? என்னெண்டு கேக்கிறது? கொப்பி கையில இருக்கு.

(எங்களுக்கு நிழற்குடை ஒண்டும் கட்டித் தந்தவை, ஆர் தந்ததெண்டு பெரிய பலகையோட. பஸ் நிக்கிறது அதுக்கு நூறு மீற்றர் தள்ளி, பாலை மரத்தடியில. நிழற்குடைக்குள்ள ஆடுகள் நல்ல சுகமா இருக்கினம்.)

வெட்டொண்டு (வவுனியா):

உதெல்லாம் திருந்தாது அக்கா. ஒரு ஸ்கூட்டியை எடுத்துப் போட்டு நிம்மதியா இருங்கோ.

கொப்பிக்காரி:

லீசிங் நீங்கள் கட்டுறீங்களோ தம்பி?

பழைய நேரக்காப்பாளர் (வவுனியா):

தங்கச்சி, உங்கள் ஒற்றையை இரண்டு தரம் வாசித்தேன். இ.போ.ச.வில், அதாவது நீங்கள் சொல்லும் சீரீபியில், 31 வருடம் இருந்தவன். அதில் அரைவாசிக்கு மேல் நேரக்காப்பாளர் கூண்டுக்குள்.

நீங்கள் சொல்வது புதிய நோய் அல்ல. 1958 தை முதலாம் திகதி இந்த நாட்டில் பஸ் எல்லாம் அரசுடைமையானது. அதற்கு முன் கம்பனிகள் ஓடிய காலத்திலும் இதே ஓட்டப் பந்தயம்தான் என்று எனக்குத் தொழில் பழக்கிய பெரியவர்கள் சொல்லுவார்கள். 1979இல் தனியாரை மறுபடி விட்டார்கள். பந்தயமும் மறுபடி வந்தது.

எங்கள் காலத்தில் சாரதி லொக் சீற்றை (ஓட்டப் பதிவுத் தாளை) கொண்டுவந்து கூண்டுக்குள் நீட்டுவார். நேரம் போட்டுக் கையெழுத்து வைத்தால்தான் பஸ் அசையலாம். மூன்று நிமிடம் முந்தி வந்து நீட்டினால் நான் பேனையை மூடி மேசையில் வைத்துவிட்டுத் தேத்தண்ணீர்க் கோப்பையை எடுப்பேன். வாய் திறக்க மாட்டேன். அவர் வெளியில் நின்று பல்லை நெரிப்பார். மூன்று நிமிடம் முடிந்ததும் பேனையைத் திறப்பேன். இன்றைக்கு உங்கள் ஊர் முடிவிடத்தில் அந்தப் பேனை இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ஸ்ராண்ட்டில் ஒருவர் இருப்பார். ஊர்ப் பக்கத்து நுனியில் ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

இனி ஆரிடம் கேட்பது என்பதற்கு வருகிறேன். மாகாணத்துக்குள் தொடங்கி மாகாணத்துக்குள்ளேயே முடியும் தனியார் பஸ்ஸுக்கு அனுமதிப்பத்திரம் கொடுப்பது வட மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபை. கிளிநொச்சி - கொழும்பு மாதிரி மாகாணம் தாண்டினால் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு, அது 1991ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டம். உங்களுடையது முதலாவது. ஆனால் சீரீபிக்கு நேரம் போடுவது சாலை (டிப்போ) முகாமையாளர். ஆகவே ஒரே றோட்டுக்கு இரண்டு எசமான். இரண்டு பேரும் ஒரே மேசையில் இருந்து போடுவதற்குப் பெயர் இணைந்த நேர அட்டவணை. அதில் தனியாருக்கு 60, சீரீபிக்கு 40 என்ற பங்கு வைத்து எத்தனை வருட இழுபறி என்பது வவுனியா ஸ்ராண்ட்டில் நின்றவர்களுக்குத் தெரியும். இரண்டு பேரையும் ஒரே அறையில் இருத்தக்கூடிய இடம் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டம். கடிதத்தை அரச அதிபருக்கு (மாவட்டச் செயலாளருக்கு) எழுதி, அதிகார சபைக்கும் சாலைக்கும் பிரதி போடுங்கள்.

கடிதத்தில் "பஸ் இல்லை" என்று எழுத வேண்டாம். இல்லையென்றால் பஸ் கேட்பார்கள், பஸ் வரும், உங்கள் 7.12 போல. "அனுமதித்த நேரத்துக்கு முன் புறப்படுகிறது", "அனுமதித்த நடை ஓடவில்லை" என்று எழுதுங்கள். அது நிபந்தனை மீறல். பதில் சொல்லியாக வேண்டும்.

கடைசியாக ஒரு கேள்வி. பஸ் இலக்கங்கள் எழுதினீர்களா?

கொப்பிக்காரி:

ஐயா, அதுதான் பிழை விட்டிட்டன். "வெள்ளை றோசா", "பச்சை லேலண்ட்", "சாமிப்படம் கூட வைச்சது" எண்டுதான் எழுதியிருக்கிறன். இண்டையிலயிருந்து இலக்கமும் எழுதுறன்.

நீங்கள் பேனையை மூடினதை வாசிச்சுச் சிரிச்சுப் போட்டன். பக்கத்தில நிண்ட முதலாளி என்னெண்டு கேட்டவர்.

றோசாக்காரன் (புதுக்குடியிருப்பு):

நான் உங்கட றூட் இல்லை அக்கா, முதலே சொல்லிப்போடுறன். ஆனால் ஒரு றோசா (சின்னப் பஸ்) வைச்சிருக்கிறன், சிலநேரம் நானே ஓடுறன். எல்லாரும் எங்களைத்தான் திட்டுறியள். எங்கட பக்கத்தையும் கேளுங்கோ.

எங்கட டிரைவருக்கும் கொண்டக்டருக்கும் மாசச் சம்பளம் இல்லை, கலெக்சனில பங்கு. ஆள் ஏறினால் காசு, ஏறாட்டி இல்லை. லீசிங்காரனுக்கு 10ஆம் திகதி எண்டால் 10ஆம் திகதிதான். டீசல், ரயர், பிறேக் லைனர். 2022இல டீசலுக்கு வரிசையில படுத்தெழும்பின கடனை இன்னும் கட்டுறன். முன்னுக்குப் போறவன் ஹோல்ட்டில நிக்கிற சனத்தை வழிச்சுத் துடைச்சுக் கொண்டு போனால் எனக்கு மிச்சம் வெறும் சீற். அப்ப நான் என்ன செய்யிறது? முந்தத்தான் பாப்பன். என்ர பெடியங்கள் ஊர்ந்து போறதும் அதுக்குத்தான், பறக்கிறதும் அதுக்குத்தான். மத்தியானத்தில ஏழு பேரோட 20 கிலோமீற்றர் போட்டு வாறதை ஆரும் கொப்பியில எழுதுறேல்லை.

பள்ளிக்கூடப் பிள்ளையளை ஏத்தாமல் போறது பிழைதான். அதுக்கு நான் நியாயம் சொல்ல வரேல்லை. எனக்கும் ரெண்டு பிள்ளையள். ஆனால் சீரீபிக்குப் பருவகாலச் சீட்டு இருக்கு, சிசு செரிய (பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கான சேவை) ஓடுற பஸ்ஸுக்கு அரசாங்கம் காசு குடுக்குது. எனக்கு அரைக் காசில சீற் நிறைஞ்சால் அந்த மற்ற அரையை ஆர் தாறது?

இன்னொண்டு சொல்லுறன். உங்களுக்குச் சிரிப்பாயும் இருக்கும். ரெண்டு வருசம் இதே றோசாவை ஒரு ஆடைத் தொழிற்சாலைக்கு ஆள் ஏத்த விட்டனான். அதே வண்டி, அதே டிரைவர், அதே றோட்டு. முதல் பிள்ளை ஏறுறது விடிய 5.20. ஒருநாள் பிந்தினதில்லை, ஒருநாள் முந்தினதும் இல்லை. ஒருத்தரையும் விட்டிட்டும் போகேல்லை. ஏனெண்டால் தலைக்கு இவ்வளவெண்டு இல்லை, நாளுக்கு இவ்வளவு. பிந்தினால் வெட்டு. அந்த ரெண்டு வருசமும் என்ர டிரைவர் ஒரு பஸ்ஸையும் முந்தினதைக் காணேல்லை. ஆளும் கொஞ்சம் உடம்பு வைச்சுப் போனவர். ஒப்பந்தம் முடிஞ்சு திரும்ப றூட்டுக்கு விட்ட முதல் நாளே கண்ணாடி உடைச்சுக் கொண்டு வந்தவர்.

கொப்பிக்காரி:

அண்ணை, நான் உங்களைத் திட்ட வரேல்லை. நீங்கள் சொன்ன அந்தத் தொழிற்சாலைக் கதையை நானும் கண்டிருக்கிறன். எங்கட ஹோல்ட்டிலயும் அப்பிடி ஒரு பஸ் வருது, 5.42க்கு. ஆச்சி அதைப் பாத்துத்தான் அடுப்பு மூட்டுறவ. நான் அதைக் கொப்பியில எழுதேல்லை, நாங்கள் ஏற ஏலாத பஸ்தானே எண்டு. இப்பத்தான் விளங்குது, எழுதியிருக்க வேண்டியது அதைத்தான்.

அறிவியல்நகர்ப் பெடியன்:

நான் இஞ்ச கம்பஸில படிக்கிறன். எங்களுக்கு மறுவளமான பிரச்சினை. ஏ9இல யாழ்ப்பாணம் - வவுனியா பஸ் வரிசையா வருது, ஆனால் கிட்டப் போறவனை ஏத்த விருப்பமில்லை. "முறிகண்டிக்கு அங்கால போறவை மட்டும்" எண்டுவினம். ரவுணிலயிருந்து அறிவியல் நகருக்கு வாறவன் படியில தொங்க வேண்டியதுதான். பரந்தனிலயிருந்து முறிகண்டி மட்டும் அங்கயும் இஞ்சயும் ஓட ரெண்டு சின்னப் பஸ் விட்டால் ஆஸ்பத்திரி, கச்சேரி (மாவட்டச் செயலகம்), சந்தை, கம்பஸ் எல்லாம் ஒரே நேர்கோட்டில வந்திடும். எங்கட ரவுண் ஒரே தெருதானே.

பழைய நேரக்காப்பாளர்:

தம்பி சொல்வது சரி. நீண்ட தூர பஸ்ஸை உள்ளூர்ச் சனத்துக்கு நம்பி வைத்தால் இரண்டு பேருக்கும் வசதியில்லை. ஆனால் அந்த இரண்டு சின்னப் பஸ்ஸும் ஒன்றாக வெளிக்கிட்டால் தங்கச்சியின் கொப்பி மறுபடி நிறையும்.

குறொய்டன் சாரதி (லண்டன், ஊர் உருத்திரபுரம்):

நித்திரைக்குப் போக முதல் கண்ணில பட்டது. இஞ்ச 12 வருசமாச் சிவப்புப் பஸ் ஓடுறன். லண்டனில இப்பிடி, லண்டனில அப்பிடி எண்டு நான் படம் காட்ட வரேல்லை. ஒரு விசயம் மட்டும்.

இஞ்சயும் பஸ் ஓடுறது தனியார் கம்பனியள்தான். சனத்துக்கு அது தெரியாது, எல்லாம் ஒரே சிவப்பு. றூட் றூட்டாக் கேள்விப்பத்திரம் போட்டு நகரப் போக்குவரத்து நிர்வாகம் குடுக்குது. நேர அட்டவணை நிர்வாகத்தின்ர. ரிக்கற் காசும் நிர்வாகத்துக்கு. கம்பனிக்கு ஓடினதுக்குத்தான் காசு, ஏத்தினதுக்கு இல்லை. 2014 ஆடிக்குப் பிறகு பஸ்ஸுக்குள்ள காசே வாங்குறேல்லை. இடைவெளி குழம்பினால் கம்பனிக்கு வெட்டு, நல்லா ஓடினால் மேலதிகம். றோசாக்காரன் அண்ணையின்ர ஆடைத் தொழிற்சாலைதான், கொஞ்சம் பெரிசு.

எனக்கு முன்னால சின்னத் திரை ஒண்டு இருக்கு. முன்னுக்குப் போற பஸ் எத்தனை நிமிசம், பின்னுக்கு வாறது எத்தனை நிமிசம் எண்டு காட்டும். கிட்ட வந்திட்டன் எண்டால் கொன்றோல் ரேடியோவில கூப்பிட்டு "அடுத்த ஸ்ரொப்பில ரெண்டு நிமிசம் நில்லுங்கோ" எண்டும். இடைவெளியைச் சரி பண்ண பஸ் நிப்பாட்டி வைச்சிருக்கு எண்டு பெட்டியில ஒரு பொம்பிளைக் குரல் பேசும். உள்ளுக்கு இருக்கிற சனம் என்னைத் தின்னுற மாதிரிப் பாக்கும். ஐயா மூடின அதே பேனைதான், இப்ப ரேடியோவுக்குள்ள இருக்கு.

அக்காவின்ர ஒற்றையை எடுத்துக் கணக்குப் பாத்தன், ஓய்வறையில சும்மாதானே இருந்தன். 7.05, 7.08, 7.12, 7.58. அந்த 53 நிமிசத்துக்குள்ள எந்த நேரத்தில ஒருத்தர் ஹோல்ட்டுக்கு வந்தாலும், சராசரி 20 நிமிசம் நிக்க வேண்டி வருது. அதே பஸ்ஸளைச் சமனாத் தள்ளி விட்டிருந்தால் 9 நிமிசம். ஒரு சொட்டு டீசல் கூடச் செலவில்லை. இதைக் கடிதத்தில போடுங்கோ.

அதோட, மணித்தியாலத்துக்கு அஞ்சு பஸ்ஸுக்குக் குறைஞ்ச றூட்டில இஞ்ச இடைவெளி பாக்கிறேல்லை, நேரந்தான் பாக்கிறது. அதில அஞ்சு நிமிசம் பிந்தினாலும் விடுவினம். முந்திப் போறதுதான் பெரிய குத்தம். பிந்தினால் சனம் அஞ்சு நிமிசம் நிக்கும், முந்தினால் அடுத்த பஸ் வரைக்கும் நிக்கும். உங்கட 6.40ஐத்தான் முதல் பிடியுங்கோ.

றோசாக்காரன்:

லண்டன் அண்ணை, காசு ஆர் தாறது எண்டுதானே கேள்வி. அரசாங்கத்திட்ட அவ்வளவு இல்லை.

எண்டாலும் நான் ஒண்டு யோசிச்சனான். எங்கட சங்கத்திலயே ஒரு றூட்டு வண்டியளின்ர கலெக்சனை ஒண்டாப் போட்டு, ஓடின நடைக்குப் பிரிக்கலாம். மூண்டு முதலாளியும் ஒருத்தரை ஒருத்தர் நம்ப வேணும். அதுதான் கஸ்ரம். ரிக்கற் மெசினில அடிச்சுக் குடுத்தால் நம்பலாம். இப்ப காசு கொண்டக்டரின்ர விரலுக்கிடையில மடிச்சபடி இருக்கு, அது வீட்ட போறதும் தெரியாது, முதலாளியிட்ட வாறதும் தெரியாது.

அக்கா, உங்கட றூட்டில மூண்டு முதலாளியும் ஆரெண்டு தெரியுமோ?

கொப்பிக்காரி:

ஒருத்தர் எங்கட கடைக்குத்தான் வேட்டி எடுக்க வாறவர். மற்றவரின்ர மகளும் என்ர மகளும் ஒரே வகுப்பு. மூண்டாவதைத் தெரியாது.

இப்பிடிச் செய்வம் எண்டு பாக்கிறன். கடிதம் ஐயா சொன்ன மாதிரி. 20 நாள் ஒற்றையைப் பிரதி எடுத்துக் குத்திறன். அதோட இந்த மாதம் இலக்கத்தோட எழுதுறன். கடைசிப் பஸ்ஸுக்குத் தனியா ஒரு பந்தி, ஏனெண்டால் இடைவெளி எல்லாம் சரி வந்தாலும் இரவு ஏழுக்குப் பத்துப் பேரில்லாட்டில் பஸ் லாபமில்லை. அது றோசாக்காரன் அண்ணை சொன்ன மாதிரி ஆரோ காசு குடுத்தால்தான் ஓடும். அதுக்குச் சீரீபியைத்தான் கேக்கிறன். நட்டத்துக்கு ஓடத்தானே அது இருக்குது. பழைய நேரக்காப்பாளர் ஐயா கோவிக்க மாட்டார் எண்டு நினைக்கிறன்.

பழைய நேரக்காப்பாளர்:

கோபமில்லை. அதற்குத்தான் இருந்தோம். ஆனால் கடிதத்தில் "நட்டத்துக்கு" என்று எழுதாதீர்கள், "சேவை நோக்கில்" என்று எழுதுங்கள்.

கொப்பிக்காரி (பத்து நாளுக்குப் பிறகு):

கேட்டவைக்காக எழுதுறன். கடிதம் குடுத்தாச்சு. கூட்டம் அடுத்த மாசம்.

வேட்டி எடுக்க வந்தவரிட்ட அந்த 20 நிமிசம், 9 நிமிசக் கணக்கைக் காட்டினன். பில் போட்டு முடியும் வரைக்கும் ஒற்றையைத் திருப்பித் திருப்பிப் பாத்தவர். "6.31க்கு என்ர வண்டி போனதோ?" எண்டு கேட்டார். ஓம் எண்டன். ஒண்டும் பேசேல்லை.

இண்டைக்குக் காலமை 6.40 பஸ் 6.41க்கு வந்தது. இலக்கத்தோட எழுதினன். ரெண்டாவது 7.05. மூண்டாவது 7.07. அதையும் எழுதினன்.